ஊருக்கு ஒரு நாளிதழ், அதுதான் வகுப்பறை: மிசூரி இதழியல் பள்ளி

1908 செப்டம்பர் 14, திங்கட்கிழமை. அமெரிக்காவின் மிசூரி மாநிலத்தில் கொலம்பியா என்ற ஊர். மாநிலப் பல்கலைக்கழகம் புதிதாகத் தொடங்கிய இதழியல் பள்ளிக்கு அன்றுதான் முதல் வகுப்பு. அதே தேதியிட்டு அந்தப் பள்ளியின் நாளிதழும் வெளிவந்தது. பெயர் 'யுனிவர்சிட்டி மிசூரியன்'. முதல் வருடம் கொள்கை, இரண்டாம் வருடம் வரலாறு, கடைசியில் ஒரு மாதம் ஏதாவது பத்திரிகை அலுவலகத்தில் பயிற்சி என்று நமக்குப் பழகிப்போன வரிசையை அங்கே தலைகீழாகத் தொடங்கினார்கள். முதலில் பத்திரிகை. பாடமெல்லாம் அதைச் சுற்றித்தான்.

பெயரால் வரும் ஒரு குழப்பத்தை முதலிலேயே தீர்த்துவிடலாம். புலிட்சர் பரிசு வழங்கும் கொலம்பியா பல்கலைக்கழகம் நியூயார்க்கில் இருக்கிறது, அது வேறு. பத்திரிகை அதிபர் ஜோசப் புலிட்சர் இதழியல் பள்ளிக்குப் பணம் தருவதாக 1892இல் அங்கே கேட்டுப் பார்த்தார். அவர்கள் ஏற்கவில்லை. 1903இல் 20 லட்சம் டாலருக்கு ஒப்பந்தம் ஆனது. ஆனாலும் புலிட்சர் 1911இல் இறந்து, மறுவருடம்தான் அந்தப் பள்ளி திறந்தது. இங்கே பேசப்போகும் கொலம்பியா ஓர் ஊரின் பெயர். மிசூரிப் பல்கலைக்கழகம் அந்த ஊரில் இருக்கிறது.

உலகின் முதல் இதழியல் பள்ளி என்று மிசூரி தன்னைச் சொல்லிக்கொள்ளும். பாரிஸில் 1899இலேயே ஒரு பள்ளி தொடங்கியிருக்கிறது. அமெரிக்காவிலும் ஜெனரல் ராபர்ட் லீ, உள்நாட்டுப் போர் முடிந்து ஒரு கல்லூரிக்குத் தலைவராக இருந்தபோது, 1869இல் அச்சுத் தொழில் கற்கும் இளைஞர்களுக்கு உதவித்தொகை தர முன்வந்தார். மிசூரியிலேயே 1870களின் இறுதியில் ஆங்கிலத் துறையில் பத்திரிகை வரலாறு பற்றிய வகுப்பு நடந்திருக்கிறது. ஆகவே 'முதல்' என்பதைச் சற்றுக் கவனமாகச் சொல்ல வேண்டும். ஒரு பல்கலைக்கழகத்துக்குள் தனி டீன், தனிப் பட்டம், தனி நாளிதழ் என்று முழுதாக அமைந்த முதல் பள்ளி என்றால் சரியாக இருக்கும்.

அதன் முதல் டீன் வால்டர் வில்லியம்ஸ் கல்லூரிப் படியே ஏறாதவர். 1864இல் பூன்வில் என்ற ஆற்றங்கரை ஊரில் பிறந்தவர். சிறு வயதிலேயே பெற்றோரை இழந்து, அச்சகத்தில் எடுபிடிப் பையனாகச் சேர்ந்தார். அங்கிருந்து உள்ளூர்ப் பத்திரிகை ஆசிரியர், பிறகு கொலம்பியாவில் வாரப் பத்திரிகை ஆசிரியர், மாநிலப் பத்திரிகையாளர் சங்கத் தலைவர் என்று உயர்ந்தார். பல்கலைக்கழக ஆட்சிக் குழுவிலும் இடம் பெற்றார். பத்திரிகை வேலையை நாற்காலியில் உட்கார்ந்து கற்க முடியாது, அச்சகத்திலும் தெருவிலும்தான் கற்க முடியும் என்று அன்றைய பத்திரிகை ஆசிரியர்கள் பலர் பிடிவாதமாக நம்பினார்கள். அப்படி அச்சகத்திலும் தெருவிலும் கற்றவர் ஒருவரே வந்து பள்ளி வேண்டும் என்று கேட்டபோது அந்த வாதம் வலுவிழந்தது. ஆனால் எதிர்த்தவர்கள் சொன்னதிலும் பாதி உண்மை உண்டு. அந்தப் பாதியை வில்லியம்ஸ் விட்டுவிடவில்லை. அச்சகத்தையும் தெருவையும் பல்கலைக்கழகத்துக்குள் கொண்டுவந்தார்.

பள்ளியில் பாடம் நடத்தியவர்கள் மூன்று பேர்: வில்லியம்ஸ், சார்லஸ் ராஸ், சைலஸ் பென்ட். ராஸ் 1932இல் புலிட்சர் பரிசு பெற்றார், பின்னாளில் அதிபர் ட்ரூமனின் பத்திரிகைச் செயலாளர் ஆனார். மாணவர்கள் பெரும்பாலான நேரம் வரலாறு, பொருளியல், அரசியல், இலக்கியம் என்று மற்றத் துறைகளில் படித்தார்கள். மிச்சம் நாளிதழில் வேலை. விளம்பரமும் ஆரம்பத்திலிருந்தே பாடமாக இருந்தது. பத்திரிகை எந்தக் காசில் நடக்கிறது என்று தெரியாமல் அதில் வேலை செய்யக் கூடாது என்பது அச்சகத்தில் வளர்ந்தவரின் பார்வை. முதல் பட்டம் 1909இல் சார்லஸ் ஆர்னால்டுக்கு. 1910இல் மேரி பாக்ஸ்டன் பட்டம் பெற்று, அந்தப் பள்ளியின் முதல் பெண் பட்டதாரியானார். பிறகு கன்சாஸ் சிட்டியில் நிருபராகச் சேர்ந்தார்.

இந்தப் பள்ளியின் உயிர் ஒரே ஒரு முடிவில் இருக்கிறது. 'மிசூரியன்' கல்லூரி மாணவர்களுக்கான பத்திரிகை அல்ல, ஊருக்கான பத்திரிகை. வளாக இதழ் என்றால் விடுதிச் சாப்பாடு, விளையாட்டு விழா, துணைவேந்தர் பேச்சு, அவ்வளவுதான். எழுதியவனும் படிப்பவனும் ஒரே மெஸ்ஸில் சாப்பிடுகிறவர்கள். பெயரில் ஓர் எழுத்து பிசகினால் சிரித்துவிட்டுப் போவார்கள். ஊர்ப் பத்திரிகையில் அது நடக்காது. நகர மன்றம் வரியை எத்தனை சதவீதம் ஏற்றியது, நீதிமன்றத்தில் யாருக்கு என்ன தீர்ப்பு, பள்ளி வாரியம் எந்த ஒப்பந்தக்காரருக்கு வேலை கொடுத்தது என்பதெல்லாம் தப்பாக வந்தால் மறுநாள் காலை ஆள் நேரில் வந்து நிற்பார். மதிப்பெண்ணுக்குப் பயந்து எழுதுவதும் அந்த ஆளுக்குப் பயந்து எழுதுவதும் வேறு வேறு. இதைத்தான் 'மிசூரி முறை' என்கிறார்கள்.

அந்த முடிவு உடனே இரண்டு சிக்கல்களைக் கொண்டுவந்தது. ஒன்று, பணம். ஊரில் ஏற்கெனவே பத்திரிகை நடத்திப் பிழைத்தவர்கள், எங்கள் வரிப் பணத்திலேயே எங்களுக்குப் போட்டியா என்று கேட்டார்கள். நியாயமான கேள்வி. கடைக்காரர் மாதம் ஒதுக்கும் விளம்பரக் காசு ஓர் அளவுதான். அதில் மாணவர் பத்திரிகை ஒரு பங்கு எடுத்தால் யாரோ ஒருவருக்குக் குறையும். எதிர்ப்பு மாநிலச் சட்டமன்றம் வரை போனது. கடைசியில் பல்கலைக்கழகக் கணக்கிலிருந்து பத்திரிகையைப் பிரித்துத் தனிச் சங்கம் ஒன்றிடம் ஒப்படைத்தார்கள். ஆசிரியர்களுக்குச் சம்பளம் பல்கலைக்கழகம் கொடுக்கும். தாள், மை, அச்சுக்கூலி எல்லாம் பத்திரிகை தானே விளம்பரத்திலும் சந்தாவிலும் சம்பாதிக்க வேண்டும். இந்தப் பிரிவினைதான் பிற்காலத்தில் பத்திரிகையின் சுதந்திரத்துக்கும் துணையாக நின்றது என்பது என் கருத்து. பல்கலைக்கழக நிர்வாகத்துக்குப் பிடிக்காத செய்தியை அந்த நிர்வாகத்தின் காசிலேயே அச்சடிப்பது எந்த ஊரிலும் எளிதல்ல.

இரண்டாவது சிக்கல் விடுமுறை. மாணவர் ஊருக்குப் போய்விடுவார். நகர மன்றம் போகாது. தேர்வு வாரத்திலும் தீ விபத்து நடக்கும், கிறிஸ்துமஸ் அன்றும் மரண அறிவிப்பு வரும். ஊருக்கான பத்திரிகை என்று சொன்ன பிறகு "மாணவர்கள் இல்லை, அதனால் இதழ் இல்லை" என்று சந்தாதாரரிடம் சொல்ல முடியாது. பெயரும் ஊரை நோக்கியே நகர்ந்தது. 'யுனிவர்சிட்டி' போய் 'டெய்லி' வந்து, 1920களில் 'கொலம்பியா மிசூரியன்' என்று நிலைத்தது.

உள்ளே வேலை எப்படி நடந்தது என்பதற்கு ஒரே ஒரு மேசையைப் பார்த்தால் போதும். அந்தக் கால அமெரிக்கப் பத்திரிகை அலுவலகங்களில் உதவி ஆசிரியர்களின் மேசை குதிரை லாடம் போல வளைந்திருக்கும். உள்வளைவில் தலைமை உதவி ஆசிரியர், வெளிவிளிம்பைச் சுற்றி மற்றவர்கள். நிருபர் தட்டச்சு செய்த தாள் உள்வளைவுக்கு வரும். அவர் ஒரு பார்வை பார்த்து, எத்தனை பத்தி அகலத்தில் எத்தனை வரித் தலைப்பு என்று குறித்து, விளிம்பில் ஒருவரிடம் தள்ளுவார். அவர் பென்சிலால் திருத்தித் தலைப்பெழுதித் திருப்பித் தர வேண்டும்.

தலைப்பெழுதுவதில்தான் புதியவர்கள் மாட்டிக்கொள்வார்கள். ஈய எழுத்தில் கோத்த காலத்தில் ஒரு பத்திக்குள் இத்தனை எழுத்துதான் நிற்கும். ஈயம் ரப்பர் அல்ல, இழுத்தால் நீளாது. அதனால் எண்ணிப் பார்த்து எழுதுவார்கள். ஆங்கிலத்தின் சின்ன எழுத்துகளில் பெரும்பாலானவற்றுக்கு ஒரு எண்ணிக்கை. 'ஐ', 'எல்' போன்ற ஒல்லி எழுத்துகளுக்கு அரை. 'எம்', 'டபிள்யூ' போன்ற அகல எழுத்துகளுக்கு ஒன்றரை. சொற்களுக்கு நடுவே விடும் இடத்தையும் கூட்ட வேண்டும். மொத்தம் அரை எண்ணிக்கை மிஞ்சினால்கூட அச்சுக்கோப்பவர் தாளைத் திருப்பி அனுப்பிவிடுவார். அப்போது மாணவர் வழக்கமாகச் செய்யும் தவறு, பெரிய சொல்லை எடுத்துவிட்டுப் பொருள் சற்று விலகிய குட்டிச் சொல்லைப் போடுவது. 'குற்றம் சாட்டப்பட்டவர்' என்பது நீளம் என்று 'குற்றவாளி' என்று போட்டால் தலைப்பு பத்திக்குள் அழகாக உட்காரும். பத்திரிகை நீதிமன்றத்தில் உட்காரும். வெறும் இடப் பிரச்சினை என்று தோன்றுவது சட்டப் பிரச்சினையாக மாறும் இந்த இடத்தை எந்தச் சொற்பொழிவாலும் புரியவைக்க முடியாது.

இன்றைய 'மிசூரியன்' அலுவலகத்தில் ஈயம் இல்லை, லாட மேசையும் இல்லை. அதே கறாரின் வாரிசாக ஒரு நடைமுறை இருக்கிறது, சரிபார்ப்பு அழைப்பு. செய்தி வெளியாகும் முன் நிருபர் தன்னிடம் பேசியவரை மறுபடி அழைத்து, பெயர் எழுத்து, பதவி, தேதி, தொகை, அவர் சொன்னதாக வரும் வாசகம் எல்லாவற்றையும் சொல்லிச் சரிபார்க்க வேண்டும். பல பத்திரிகைகளில் இதை வேண்டாம் என்பார்கள். பேசியவர் பயந்துபோய் "நான் அப்படிச் சொல்லவே இல்லை, எடுத்துவிடுங்கள்" என்று பின்வாங்கினால் என்ன செய்வது? அந்தப் பயமும் நியாயம்தான். அதனால் எல்லையைத் தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. உண்மைப் பிழையைத் திருத்தலாம், செய்தியின் போக்கை மாற்ற அவருக்கு உரிமை இல்லை, தகராறு வந்தால் முடிவு செய்தி ஆசிரியருடையது. பயிற்சி நிருபருக்கு இதனால் வரும் பெரிய நன்மை, குறிப்பேட்டில் தான் கிறுக்கியதை எவ்வளவு தப்பாகப் படிக்கிறோம் என்பது பத்திரிகை வரும் முன்பே தெரிந்துவிடுகிறது.

செய்தி ஆசிரியர்கள் அனுபவமுள்ள பத்திரிகையாளர்கள், அதே சமயம் பேராசிரியர்கள். இந்த ஏற்பாட்டின் பலவீனத்தையும் சொல்ல வேண்டும். ஒரு பருவம் நான்கு மாதம்கூட வராது. மாணவருக்குத் தெருப் பெயர்கள் பழகி, எந்த எழுத்தர் கோப்பைக் காட்டுவார் என்று பிடிபடும்போது பருவம் முடிந்துவிடும். அடுத்தவர் முதலிலிருந்து தொடங்குவார். ஊர்க்காரருக்கு வருடத்துக்கு இரண்டு மூன்று முறை புது முகத்திடம் அதே பழைய கதையைச் சொல்ல வேண்டிய சலிப்பு. போன வருடம் மன்றம் என்ன வாக்குக் கொடுத்தது என்ற நினைவு பேராசிரியரான செய்தி ஆசிரியரிடம் மட்டும்தான் இருக்கும். நல்ல செய்தி ஆசிரியர் விலகும்போது பத்திரிகை தடுமாறுவது இதனால்தான்.

வில்லியம்ஸ் 1914 வாக்கில் 'பத்திரிகையாளர் உறுதிமொழி' ஒன்றை எழுதினார். வாஷிங்டன் தேசியப் பத்திரிகையாளர் மன்றத்தில் வெண்கலப் பலகையில் பொறித்து வைத்திருக்கிறார்கள். பத்திரிகை பொதுமக்கள் நம்பி ஒப்படைத்த சொத்து, உண்மை என்று மனதார நம்புவதை மட்டும் எழுத வேண்டும் என்பதெல்லாம் அதில் உண்டு. எனக்கு அதில் முக்கியமாகப் படுவது வேறொரு வரி. அடுத்தவன் பையிலிருந்து வரும் லஞ்சத்தைப் போலவே நம் சொந்தப் பையின் லஞ்சத்தையும் தவிர்க்க வேண்டும் என்கிறார். விளம்பரம் வாங்கித்தான் இதழ் வர வேண்டும் என்ற நெருக்கடியில் ஒரு நாளிதழை நடத்திக் காட்டியவரிடமிருந்து வந்த வரி அது.

அந்த உறுதிமொழியில் நியாயம் என்ற சொல்லும் இருக்கிறது. பள்ளி அதை எங்கே மீறியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். லூசில் புளூஃபோர்டு கறுப்பினப் பெண். கன்சாஸ் பல்கலைக்கழகத்தில் இதழியல் படித்தவர். 'கன்சாஸ் சிட்டி கால்' என்ற கறுப்பினப் பத்திரிகையில் ஆசிரியப் பொறுப்பில் இருந்தவர். மிசூரியின் இதழியல் முதுகலைக்கு விண்ணப்பித்தார். அனுப்பிய சான்றிதழ்களில் இனம் தெரியவில்லை, இடம் கிடைத்தது. 1939 ஜனவரியில் பதிவு செய்ய நேரில் போனபோது, நிறத்தைப் பார்த்துத் திருப்பி அனுப்பினார்கள். அதற்கு முந்தைய மாதம்தான், லாயிட் கெயின்ஸ் என்ற கறுப்பின மாணவர் மிசூரிச் சட்டக் கல்லூரி மீது தொடுத்த வழக்கில், மாநிலம் சமமான கல்வி வசதி தந்தே ஆக வேண்டும் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருந்தது. புளூஃபோர்டு விடவில்லை. மொத்தம் 11 முறை முயன்றார். வழக்குகள் போட்டார். மாநிலம் கண்டுபிடித்த வழி, ஜெஃபர்சன் சிட்டியில் கறுப்பினத்தவருக்கான லிங்கன் பல்கலைக்கழகத்தில் 1942இல் தனி இதழியல் பள்ளி. அதே வருடம் மிசூரி தன் இதழியல் முதுகலைப் படிப்பையே நிறுத்தியது. போரினால் மாணவரும் ஆசிரியரும் இல்லை என்று காரணம் சொன்னார்கள்.

ஊர் முழுவதையும் செய்தியாக்க வேண்டும் என்று கட்டிய பள்ளி, ஊரில் ஒரு பகுதியினரைக் கதவுக்கு வெளியே நிறுத்தியது. அதன் பாதிப்பு அந்த ஒரு பெண்ணோடு நின்றிருக்காது என்றே நினைக்கிறேன். மேசையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் யாருக்கும் ஊரின் அந்தத் தெருவில் உறவு இல்லை என்றால், அந்தத் தெருவின் செய்தி எப்படிப் பத்திரிகைக்குள் வரும்? 1984இல் பள்ளி தன் உயரிய பதக்கத்தை அவருக்குக் கொடுத்தது. 1989இல் பல்கலைக்கழகம் கௌரவ முனைவர் பட்டம் கொடுத்தது. திருப்பி அனுப்பி 50 வருடம் ஆகியிருந்தது.

புகைப்படத்தில் இந்தப் பள்ளியின் பங்கு பெரியது. அங்கே கற்பித்த கிளிஃப்டன் ஈடம் 1940களில் ஆண்டின் சிறந்த பத்திரிகைப் படங்களுக்கான போட்டியைத் தொடங்கினார். 1949இல் மனைவி வி ஈடத்துடன் சேர்ந்து மிசூரி புகைப்படப் பட்டறையைத் தொடங்கினார். கொலம்பியாவில் தொடங்கிய அந்தப் பட்டறை பிறகு மாநிலத்தின் வெவ்வேறு சிற்றூர்களில் நடந்துவருகிறது. ஒரு வாரம். முதலில் ஊருக்குள் நடந்து, பேசி, ஒரு மனிதரையோ குடும்பத்தையோ கண்டுபிடிக்க வேண்டும். அது ஏன் கதை என்று பயிற்சியாளரிடம் விளக்கி ஒப்புதல் வாங்கும் வரை கேமராவைத் தொட முடியாது. இங்கேதான் நிறையப் பேர் இரண்டு மூன்று முறை திரும்பி வருவார்கள். 'முடிதிருத்தும் கடை' என்று சொன்னால் அது இடம், கதை இல்லை. அங்கே யாருக்கு என்ன வேண்டியிருக்கிறது, எது தடுக்கிறது என்று சொல்ல முடிந்தால்தான் கதை. டிஜிட்டல் வந்த பிறகும் ஆளுக்கு 400 படங்கள்தான் என்று வரம்பு வைத்திருக்கிறார்கள். ஜோடித்து நிற்கவைத்து எடுத்த படத்துக்கு இடமே இல்லை என்பது ஈடம் காலத்திலிருந்தே விதி. கல்யாண வீட்டில் ஒரு மணி நேரத்தில் ஆயிரம் படம் எடுக்கும் நமக்கு, ஒரு வாரத்துக்கு 400 என்பது படம் எடுக்கும் முன் காத்திருக்கச் சொல்லித்தரும் எண்ணிக்கை.

1953 டிசம்பரில் தொலைக்காட்சியும் வந்தது. பல்கலைக்கழகத்துக்குச் சொந்தமான கே.ஓ.எம்.யூ நிலையம் என்.பி.சி வலையமைப்பின் நிகழ்ச்சிகளை விளம்பரத்துடன் ஒளிபரப்பும் வணிக நிலையம். உள்ளூர்ச் செய்தியை மாணவர்கள் தயாரிக்கிறார்கள். 1972இல் பொது வானொலி நிலையம். எல்லாவற்றிலும் அதே சூத்திரம்: வெளியே உண்மையான பார்வையாளர், உள்ளே மாணவர்.

இந்தப் பள்ளியின் கிளைகள் ஆசியாவுக்கு வந்த விதம் தனிக் கதை. சீனாவில் யென்சிங் பல்கலைக்கழகத்தின் இதழியல் துறையை 1920களில் கட்டியெழுப்பியவர்களில் ஒருவர் மிசூரியில் படித்த வெர்னான் நாஷ். ஷாங்காய் ஆங்கிலப் பத்திரிகைகளில் மிசூரிக்காரர்கள் நிறைந்திருந்தார்கள். இந்தியாவில், அன்று அதன் பகுதியாக இருந்த லாகூரில் பஞ்சாப் பல்கலைக்கழக இதழியல் துறையை 1941இல் தொடங்கிய பி.பி.சிங் மிசூரியில் படித்தவர். மைசூர் மகாராஜா கல்லூரியில் 1951இல் இதழியலைத் தொடங்கிய நாடிக் கிருஷ்ணமூர்த்தியும் அப்படியே. சென்னைப் பல்கலைக்கழகத்தில் 1947இல் துறை வந்தது.

வந்ததில் ஒன்று மட்டும் விடுபட்டது, நாளிதழ். பாடத்திட்டம் கப்பலேறி வந்தது, ஊர்ப் பத்திரிகை வரவில்லை. அச்சகம், தாள், விளம்பர ஆள், விடுமுறையிலும் வேலை, உள்ளூர்ப் பத்திரிகை முதலாளிகளின் கோபம் இத்தனையையும் எந்தப் பல்கலைக்கழக நிதிக் குழு ஏற்கும்? அதற்குப் பதில் நம் துறைகளில் 'பயிற்சி இதழ்' பழக்கமானது. பருவம் முடியும்போது ஒன்றோ இரண்டோ வரும். நான்கு பக்கம், எட்டுப் பக்கம். படிப்பவர்கள் துறைக்குள்ளேயே இருப்பார்கள். அதில் பிழை வந்தால் யாரும் வந்து நிற்கப்போவதில்லை. இத்தனைக்கும் 1920 வாக்கிலேயே அன்னி பெசன்ட் அடையாறில் நடத்திய தேசியப் பல்கலைக்கழகத்தில் இதழியல் வகுப்பு இருந்தது. அந்த மாணவர்களுக்குப் பயிற்சி அவருடைய 'நியூ இந்தியா' நாளிதழிலேயே. சென்னைக்கு இந்த யோசனை புதிதல்ல.

இன்று அச்சகச் செலவு பெரிய தடை இல்லை. ஒரு பேரூராட்சியை எடுத்துக்கொண்டு, அதன் மன்றக் கூட்டம், ரேஷன் கடை, பத்திரப் பதிவு அலுவலகம், அரசுப் பள்ளி ஆகியவற்றுக்கு மட்டும் ஆள் போட்டு, வாரம் ஒருமுறை நான்கு பக்கம் கொண்டுவர ஒரு துறையால் முடியும். முழுநேரமாகச் செய்தி பார்க்கும் ஆசிரியர் இரண்டு பேராவது வேண்டும். அவர்களுடைய மேசைப் பணி வகுப்பெடுத்த நேரமாகவே கணக்கில் வர வேண்டும், இல்லாவிட்டால் மூன்றாம் மாதமே கைவிடுவார்கள். கணக்கு துறையின் கணக்கிலிருந்து தனியாக இருக்க வேண்டும். மாணவர்களில் ஓரிருவராவது அந்த ஊர்க்காரராக, ஊரின் எல்லாத் தெருவிலும் தயங்காமல் நுழையக்கூடியவராக இருக்க வேண்டும். முதல் இதழ் அச்சுக்குப் போகும் முன், மே மாதத்தில் மன்றக் கூட்டத்துக்கு யார் போவது என்று பெயர் எழுதி அறிவிப்புப் பலகையில் ஒட்டிவிட வேண்டும்.